முயலுக்குப் பதிலாக ஏசுராஜ்

சுந்தரமூர்த்தியின் வெள்ளைக் கார் தங்கள் சந்துக்குள் திரும்பியபோது எப்சி டீச்சர் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வழி தவறி வந்திருக்கும் என்றுதான் நினைத்தாள். ஆம்பூரில் அந்தக் காரைத் தெரியாதவர்கள் கிடையாது. தோல் ஷெட்டுகளுக்கு மருந்து விற்றே மாடிக்கு மேல் மாடி எழுப்பியவர் அவர். ரோட்டில் அந்தக் கார் எதிரே வந்தால் எப்சி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இந்த ஆள் நாசமாய்ப் போகட்டும் என்று மனசுக்குள் சொல்லிவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பாள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித்தருகிறவள் இப்படிச் சபிக்கலாமா என்று கேட்டால், சபிக்காத நாளில் சோறு இறங்குவதில்லை என்பாள்.

கார் அவள் வீட்டு வாசலில்தான் நின்றது. கையில் ஆற்காட்டு மக்கன் பேடா டப்பாவோடு சுந்தரமூர்த்தி இறங்கினார். பதிமூன்று வருஷமாக அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர், நெருங்கிய சொந்தக்காரர் மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

அவர் செய்ததைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் எப்சியைப் பொல்லாதவள் என்று நினைக்கத் தோன்றும்.

1996இல் எப்சியின் கணவர் ஏசுராஜ், வாணியம்பாடி ரோட்டில் இருந்த ஒரு தோல் ஷெட்டில் டிரம் ஓட்டிக்கொண்டிருந்தார். பச்சைத் தோலை மருந்துத் தண்ணீரோடு போட்டுச் சுழற்றுகிற, வீடு உயர மர டிரம். சுந்தரமூர்த்தி அப்போது அதே ஷெட்டில் டெக்னீஷியன். சம்பளத்துக்கு இங்கே, சம்பாத்தியத்துக்கு வீட்டுக் கொல்லையில் என்று இரண்டு வேலை பார்த்தார். மழைக்காலத்தில் ஈரத் தோலில் பூஞ்சை பூத்துவிடும், தோல் புள்ளி புள்ளியாய்க் கெட்டுப்போகும். அதைத் தடுக்கிற மருந்து ஒன்றைக் கொல்லையில் கலக்கி, தன் பேரையே சேர்த்து மூர்த்திகார்டு என்று வைத்து, முதல் பீப்பாயை அந்த ஷெட்டுக்கே கொண்டுவந்தார். பீப்பாயின் மேல் பெயின்ட்டில் அவர் பேர் இருந்தது. தொட்டால் என்ன ஆகும், பட்டால் என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் ஆள் இல்லாத மூலையில், பம்பிலிருந்து குழாய் நழுவி மருந்து ஏசுராஜின் முகத்தில் அடித்தது. இரண்டு கண்ணும் போயின. அவர் துடித்துக்கொண்டிருந்தபோது சுந்தரமூர்த்திக்குத் துடித்தது வேறு. முதல் பீப்பாயிலேயே கெட்ட பேர் வந்துவிட்டால் வியாபாரம் பிறக்கும்போதே செத்துவிடும். வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜீப் வருவதற்குள் கதை தயாராகிவிட்டது. ஏசுராஜ் குடித்துவிட்டு வேலைக்கு வந்தான், தள்ளாடிப் போய் சுண்ணாம்புத் தொட்டியில் விழுந்தான், கண்ணைச் சுண்ணாம்பு தின்றுவிட்டது.

கட்டிப்போட்ட கண்ணோடு ஏசுராஜ், மருந்து, மருந்து என்று கத்தினார். யார் காதிலும் ஏறவில்லை. அவர் சட்டையெல்லாம் சுண்ணாம்புத் தண்ணீர். சட்டையில் சாராய வாடை. அந்த வாடைக்குச் சாட்சி சொன்னவர் அப்துல் கரீம் மேஸ்திரி. ஐந்து வேளை தொழுகிற மனிதர், பொய் என்பதே அவர் வாயில் வராது. விசாரணைக்கு வந்தவர்கள் பாய் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு எழுந்து போனார்கள்.

கண் போனதைக்கூட எப்சி தாங்கிக்கொண்டாள். பேர் போனதுதான் நெஞ்சில் முள்ளாய்த் தங்கிவிட்டது. ஏசுராஜ் சபையின் பாட்டுக் குழுவில் அடிக்குரல் பாடுகிறவர். கிறிஸ்துமஸ் பாட்டில் அவர் குரல் எழுந்தால் பெஞ்சு அதிரும் என்பார்கள். வாழ்க்கையில் ஒரு சொட்டு தொடாதவர். குடிகாரனைப் பாட்டுக் குழுவில் வைத்துக்கொள்ள முடியாது என்று கமிட்டி தீர்மானம் போட்டது. அன்றோடு அவர் சர்ச்சுக்குப் போவதையும் பாடுவதையும் விட்டார். பள்ளிக்கூடத்திலோ எப்சிக்குக் 'குவார்ட்டர் டீச்சர்' என்று பேர் விழுந்தது. கரும்பலகைப் பக்கம் திரும்பும்போது பின்னால் எழும் சிரிப்பை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வருஷக்கணக்காகக் கேட்டாள்.

அந்தச் சுந்தரமூர்த்திதான் இப்போது அவள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து காபி நன்றாயிருக்கிறது என்று பாராட்டிக்கொண்டிருந்தார்.

வந்த காரியத்தைச் சுற்றி வளைத்துத்தான் சொன்னார். உலகத்தில் புதுசாக ஒரு முறை வந்திருக்கிறதாம். மருந்துப் பீப்பாய் மேல் ஒட்டுகிற எச்சரிக்கை இதுவரை நாட்டுக்கு ஒரு தினுசாக இருந்தது. இனி எல்லா நாட்டுக்கும் ஒரே படம், சிவப்புக் கட்டத்துக்குள். இங்கிருந்து ஷூ வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி, அந்தப் படம் ஒட்டாத பீப்பாய் எந்த ஷெட்டில் இருந்தாலும் அந்த ஷெட்டிலிருந்து தோல் எடுக்க மாட்டோம் என்றுவிட்டது. எந்தப் படம் ஒட்டுவது என்பது மருந்து என்ன கெடுதல் செய்யும் என்பதைப் பொறுத்தது. முன்பெல்லாம் முயலைப் பிடித்துக் கண்ணில் சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். சுந்தரமூர்த்தியிடம் அப்படி ஒரு பழைய முயல் ரிப்போர்ட் இருந்தது. தண்ணீர் கலந்து கொடுத்த மருந்து என்பதால் அந்த முயல் கண்ணைச் சிமிட்டிவிட்டுக் கீரை தின்னப் போய்விட்டது. கம்பெனி அதை ஏற்கவில்லை. புதுசாகப் பத்து முயல் வாங்கிச் சோதிக்கிறேன் என்றார். அதுவும் கூடாது என்றார்கள். வேறு வழியில் தெரிந்துகொள்ள முடிந்த ஒன்றுக்காக இனி எந்தப் பிராணியையும் வதைக்கக் கூடாதாம். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று சொன்னாலே போதும். ஆனால் கலவை வேறொருவரிடமிருந்து சுட்டது, அதை எப்படி வெளியே சொல்வார்? கண்ணாடிக் குடுவையில் செய்கிற சோதனை முடிய மாசக்கணக்காகும். அதற்குள் மழை வந்துவிடும், ஷெட்டுகள் வேறு ஆளிடம் மருந்து வாங்கிவிடும்.

"மனுஷனுக்கு ஏற்கெனவே எதனா ஆகியிருந்தா அத சொல்லுங்கன்றாங்க டீச்சரம்மா. அதத்தான் பெரிய ஆதாரமா எடுத்துக்கறாங்களாம். கேட்டு எழுதிக்க கம்பெனிலேர்ந்து ஒரு அம்மா ஷெட்டுக்கு வராங்க" என்று சொல்லிவிட்டு அவர் காபி டம்ளருக்குள் பார்த்தார்.

எப்சிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் காது இரண்டும் சுட்டது. முயலைத் தொடக் கூடாது என்றதும் இந்த ஆளுக்கு ஏசுராஜின் ஞாபகம் வந்திருக்கிறது! முயல் கண்ணுக்கு இரங்க உலகம் பூராவும் கூடிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். நல்லதுதான், போடட்டும். அவள் புருஷன் கண்ணுக்கு இரங்க இந்த ஊரில் ஒரு நாதி இருந்ததா?

"அப்போ மருந்துதான் பட்டுச்சுன்னு ஒத்துக்கறீங்க" என்றாள்.

"பட்டுச்சு, இல்லன்னல. அவரு அன்னிக்கு லைட்டா போட்டிருந்தாரு, குழாய சரியா பிடிக்கல, பட்டுடுச்சு. அப்பிடி சொன்னா யாருக்கும் பேஜார் இல்ல பாருங்க."

திருடின பொருளைத் திருப்பிக் கொடுக்க வந்தவன் அதிலும் பாதியை மடியில் முடிந்துகொண்டான். கண்ணை எடுத்துக்கொள்வார், பேரைத் தர மாட்டார். எப்சிக்கு எழுந்து போய்த் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வரத் தோன்றியது. ஆனால் அவள் சிரித்தாள். அவரை அழைத்துக்கொண்டு வருகிறேன் சார், எங்களுக்கும் உண்மை வெளியே வந்தால் போதும் என்று சொல்லி, கார் வரை போய் வழியனுப்பினாள். பேடாவைச் சந்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். பேடா என்ன பாவம் செய்தது?

ஏசுராஜ் எல்லாவற்றையும் சமையலறையில் பூண்டு உரித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கண் போனபின் வீட்டுச் சமையல் அவருடையது. போய் உள்ளதைச் சொல்லிவிட்டு வந்துவிடலாம், கதை முடியட்டும் என்றார். எப்சி ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளதைச் சொன்னால் என்ன ஆகும்? வருகிற கம்பெனி அம்மா எழுதிக்கொள்வாள், படம் ஒட்டுவார்கள், அந்த ஆள் வியாபாரம் மழைக்கு முன்னால் ஜாம் ஜாம் என்று நடக்கும். அபாயம் என்று படம் போட்டு விற்பதற்குத் தடை இல்லை, படம் போடாமல் விற்பதற்குத்தான் தடை. குடிகாரன் என்ற பேர் அப்படியே கிடக்கும்.

"நீங்க உண்மைய சொல்லாதீங்க. அவர் சொன்னதையே சொல்லுங்க. குடிச்சிருந்தேன், சுண்ணாம்புல விழுந்தேன். அவ்ளோதான். அது பொய்யின்னு அவர் வாயால கத்தட்டும்."

ஏசுராஜின் கை நின்றது. மருந்து பட்டது என்று இவர்கள் சொன்னால் சுந்தரமூர்த்திக்குச் சுலபம். இவர்கள் இல்லை என்றால், அவரே முன்னால் வந்து, நான் சொன்னது பொய், அவன் குடிக்கவில்லை என்று அடித்துப் பேசியாக வேண்டும். இல்லாவிட்டால் படம் இல்லை, வியாபாரம் இல்லை. எப்சியின் கணக்கு ஏசுராஜுக்குப் புரிந்தது. புரிந்தாலும் வாய்க்கு வரவில்லை.

"நான் குடிச்சேன்னு என் வாயாலயே சொல்லணுமா எப்சி? அவன் வாய தெறக்கலைன்னா? நானே ஒத்துக்கிட்டதா ஆயிடும். அப்புறம் செத்தாலும் போவாது."

அதுதான் பயம். எப்சிக்கும் அந்தப் பயம் இருந்தது. சுந்தரமூர்த்தி வாய் திறக்காமல் நஷ்டத்தை விழுங்கிக்கொண்டு போய்விட்டால், ஏசுராஜின் பேருக்கு ஏசுராஜே ஆணி அடித்ததாகும். ஆனால் இத்தனை வருஷம் அந்த ஆளைப் பார்த்துப் பார்த்து அவள் ஒன்றைத் தெரிந்துவைத்திருந்தாள். மானமா வியாபாரமா என்று வந்தால் அவர் யோசிக்கக்கூட மாட்டார். ஏசுராஜ் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் காலையில், வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போடு என்றார்.

விசாரிக்க வந்தவள் சோபனா. கம்பெனியின் சென்னை ஆபீஸில் வேலை, முப்பது வயசிருக்கும், வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி, தோளில் பெரிய பை. சுந்தரமூர்த்தி அவளையும் இவர்களையும் அந்தப் பழைய ஷெட்டின் ஏசி அறையில் உட்காரவைத்து, நாலு பேருக்குள் காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிடப் பார்த்தார். சோபனா முதலில் வேலையாட்களைப் பார்க்க வேண்டும் என்றாள். நாளைக்குப் பீப்பாயைத் திறக்கப்போவது அவர்கள்தானே?

அங்கேதான் யாரும் எதிர்பாராதது நடந்தது. மூர்த்திகார்டு மேல் ஒட்டலாம் என்று அச்சடித்துக் கொண்டுவந்திருந்த தாளை அவள் தூக்கிப் பிடித்தாள். சிவப்புக் கட்டத்துக்குள் இரண்டு படங்கள். ஒன்றில் குழாயிலிருந்து சொட்டு சொட்டாக ஒரு கையின் மேல் விழுகிறது. இன்னொன்றில் ஒரு மீன், பக்கத்தில் ஒரு மொட்டை மரம். இது என்ன சொல்கிறது என்று கேட்டாள். டிரம் ஓட்டுகிற கோபி சட்டென்று பதில் சொன்னான்.

"மீன் எண்ணெய் மேடம். கையில ஊத்தித் தேய்ச்சுப் பாத்துட்டு டிரம்ல விடணும்னு போட்டிருக்கான்."

சுற்றி நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. தோலை மெதுவாக்க மீன் எண்ணெய் விடுவது தினப்படி வேலை. எந்த எண்ணெய் வந்தாலும் உள்ளங்கையில் ஊற்றி, விரலால் தேய்த்து, மோந்து பார்த்துவிட்டுத்தான் டிரம்மில் விடுவது அந்த ஊர் வழக்கம். சதையை அரிக்கும், ஆற்றில் போனால் மீன் சாகும் என்று உலகம் கூடி வரைந்த படத்தை ஆம்பூரில் வாசித்தால், நல்ல எண்ணெய், கையில் ஊற்றிப் பார் என்று வந்தது. சோபனா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

இந்தப் படத்தை நம்பி ஒட்டிவிட்டுப் போக முடியாது, இது என்ன செய்யும் என்று அனுபவப்பட்டவர் வாயால் எல்லாரும் கேட்க வேண்டும் என்றாள். டிரம்களை நிறுத்தச் சொன்னாள். ஏசி அறையில் நடக்க வேண்டியது ஷெட்டுக்கு நடுவில், எழுபது எண்பது பேர் முன்னால் நடக்கப்போகிறது என்றதும் சுந்தரமூர்த்தி கைக்குட்டையை எடுத்தார். நாலு சுவருக்குள் கேட்டால் போதும் என்று வந்த எப்சிக்குக் கர்த்தரே ஆளைக் கூட்டிக் கொடுத்தது போலிருந்தது.

ஏசுராஜை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். பழைய ஆட்கள் அவரை அடையாளம் கண்டு குசுகுசுத்தார்கள். குடிச்சிட்டு விழுந்தானே, அவன். எப்சியின் காதில் அது விழுந்தது. விழட்டும், இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று நினைத்துக்கொண்டாள். வெள்ளைத் தாடியோடு கரீம் மேஸ்திரி சுவரோரம் நின்றிருந்தார்.

அன்றைக்கு உங்கள் கண்ணில் பட்டது என்ன என்று சோபனா கேட்டாள்.

எப்சி ஏசுராஜின் தோளில் கைவைத்தாள். சொல்ல மாட்டார் என்றே ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது.

"சுண்ணாம்பு" என்றார் ஏசுராஜ். "நான் குடிச்சிருந்தேன். தொட்டியில விழுந்துட்டேன். மருந்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. சாரே அன்னிக்கு விசாரணையில சொன்னாரு, கேட்டுக்குங்க."

சோபனா பேனாவை மூடினாள். அப்படியானால் இதில் பார்க்க ஒன்றும் இல்லை, குடுவைச் சோதனைக்கே அனுப்பிவிடுங்கள் என்று பையை எடுத்தாள். சுந்தரமூர்த்தி எப்சியைப் பார்த்தார். எப்சியும் அவரைப் பார்த்தாள். வகுப்பில் காப்பி அடித்து மாட்டிக்கொண்ட பையனைப் பார்க்கிற பார்வை. அவர் வாயைத் திறந்தார், மூடினார். சோபனா இரண்டடி நடந்துவிட்டாள். நஷ்டத்தை விழுங்கிக்கொள்ளப் போகிறாரா?

"மேடம், ஒரு நிமிஷம்" என்றார் சுந்தரமூர்த்தி. "அவரு ஏதோ பயத்துல சொல்றாரு. மருந்துதான் பட்டுச்சு."

அன்றைக்கு நீங்களே சுண்ணாம்பு என்று சொல்லியிருக்கிறீர்களே என்று சோபனா கேட்டாள். அது அன்றைக்கு அவசரத்தில் சொன்னது என்றார். சட்டையெல்லாம் சுண்ணாம்பாக இருந்ததே என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அது தான் ஊற்றியது என்றார். ஷெட்டில் ஒரு முனகல் எழுந்து அடங்கியது. எப்சி அதோடு விடுகிறவளா?

"குடிச்சிருந்தது உண்மைதானே சார்" என்றாள், ரொம்பப் பணிவாக.

லேசாக என்று அவர் ஆரம்பித்தார். சோபனா குறுக்கிட்டாள். போதையில் இருந்தவருக்கு என்ன பட்டது, எப்படிப் பட்டது என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது, அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளவும் முடியாது என்றாள். மடியில் முடிந்து வைத்திருந்த மிச்சப் பாதியும் இப்போது அவர் கையைச் சுட்டது. மழை வரப்போகிறது. பீப்பாய்கள் கோடவுனில் அடுக்கிக் கிடக்கின்றன.

"குடிக்கல" என்றார்.

"கடைசி பெஞ்சுக்குக் கேக்கல சார்" என்றாள் எப்சி.

"அவரு குடிக்கல. ஏசுராஜ் அன்னிக்கு குடிக்கவே இல்ல. போதுமா?"

அதுவும் போதவில்லை. பாய் மோந்து பார்த்தாரே, பாய் பொய் சொல்வாரா என்று கூட்டம் இரைந்தது. அதுவரை மென்று விழுங்கிக்கொண்டிருந்த சுந்தரமூர்த்திக்கு அப்போது ஒரு வெறி வந்தது. இவ்வளவு சொல்லியும் நம்பாமல் போனால் சொன்னதெல்லாம் வீண் அல்லவா? ஓடிப்போய் மருந்துக் கேன் ஒன்றைத் தூக்கி வந்தார். மூடியைத் திறந்து ஒவ்வொருவர் மூக்குக்கும் நேராக நீட்டிக்கொண்டு போனார். மோந்து பாருங்க, ஸ்பிரிட் கலந்த மருந்து, இந்த வாடைதான் அவன் சட்டையில் வந்தது, சாராயமென்று நான்தான் கிளப்பிவிட்டேன் என்று தானே கூவினார். வேர்வையில் தலைச் சாயம் கரைந்து காதோரம் வழிந்தது. தன் பொய்யைத் தானே வீடு வீடாக விற்கிற மாதிரி அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்க்க எப்சிக்கு இரண்டு கண் போதவில்லை. உடம்பெல்லாம் குளிர்ந்தது. இத்தனை சந்தோஷம் பாவம் என்றால் அந்தப் பாவத்தோடேயே செத்துப்போகிறேன் என்று நினைத்தாள்.

கேன் கரீம் மேஸ்திரியிடம் வந்தது. அவர் ஒரு முறை மோந்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை மோந்தார். பிறகு தட்டுத் தடுமாறி நடந்து வந்து ஸ்டூல் முன்னால் தரையிலேயே உட்கார்ந்தார்.

"ஏசு, இதேதாம்பா. ஜிந்தகியில நான் சாராயம் மோந்ததே இல்ல, எனக்கு அந்த வாட எப்பிடி தெரியும்? இவரு சாராயம்னாரு. நானும் சாராயம்னுட்டேன்."

தொட்டதே இல்லாதவர் சொல்கிறார் என்றுதான் ஊர் அவரை நம்பியது. தொட்டதே இல்லாதவருக்குத் தெரியாதே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பாய் ஏசுராஜின் கையைப் பிடித்துக்கொண்டார். ஏசுராஜ் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

இப்போது நீங்கள் சொல்லுங்கள் என்று சோபனா ஏசுராஜைக் கேட்டாள். அவர் எழுந்து நின்றார். பாட்டுக் குழுவில் பெஞ்சை அதிரவைத்த அந்த அடிக்குரல் வெளியே வந்தது.

"மருந்துதாம்மா. ரெண்டு கண்ணையும் அதுதான் எடுத்துச்சு. சுண்ணாம்பு, குடி, எல்லாம் பொய். அது சாரோட பொய். பதிமூணு வருஷமா அவருகிட்டயே இருந்துச்சு, இன்னிக்கு கொஞ்ச நேரம் இரவல் வாங்கினேன். திருப்பிக் குடுத்துட்டேன்."

கோபி முதலில் சிரித்தான். அப்புறம் ஷெட்டே சிரித்தது. சோபனா சிரிக்கவில்லை, நிறுத்தி நிதானமாக எழுதினாள். படத்துக்குக் கீழே தமிழில் கொட்டை எழுத்தில் கண் போகும் என்று போட வேண்டும், கையில் ஊற்றிப் பார்க்கக் கூடாது என்றும் போட வேண்டும் என்றாள். சுந்தரமூர்த்திக்கு உயிர் வந்தது. உடனே அச்சடித்து ஒட்டிவிடுகிறேன், அடுத்த வாரமே சப்ளை தொடங்கிவிடலாம் என்றார்.

எங்கேயாவது ஒட்டி யாரிடமாவது விற்றுக்கொள்ளுங்கள், எங்களுக்குத் தோல் கொடுக்கிற ஷெட்டுகளில் உங்கள் மருந்து இனி வராது என்றாள் சோபனா.

"நான் உண்மையத்தான் சொல்லிட்டேனே மேடம்."

"அதனாலதான் சார். தெரிஞ்சே இத்தன வருஷம் மறைச்சவரோட மருந்த நான் எப்பிடி நம்புறது?"

அவள் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். டிரம்கள் திரும்ப ஓடத் தொடங்கின. கையில் திறந்த கேனோடு சுந்தரமூர்த்தி நடு ஷெட்டில் நின்றார். எல்லாரும் அவரைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். ஒருவரும் வழி விடுங்க சார் என்றுகூடச் சொல்லவில்லை.

பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது ஏசுராஜ் எப்சியின் முழங்கையைப் பிடித்திருந்தார். கொஞ்ச தூரம் போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, கடையில் மிட்டாய் கேட்கிற பிள்ளை மாதிரி கேட்டார்.

"மூஞ்சி எப்பிடி இருந்துச்சு?"

எப்சிக்கு அப்போதுதான் உறைத்தது. அவ்வளவையும் அவள்தான் பார்த்தாள். அவருக்கு வெறும் சத்தம்தான் கிடைத்தது. பட்டவர் அவர், பார்த்தவள் அவள். நடு ரோட்டில் நின்று சொல்லத் தொடங்கினாள். கைக்குட்டையைப் பிழியப் பிழியத் துடைத்ததை, உதடு காய்ந்து ஒட்டிக்கொண்டதை, காதோரம் கறுப்பாய்ச் சாயம் வழிந்து சட்டைக் காலரை நனைத்ததை, நாய்கூட மோந்து பார்க்காத இடத்தில் கேனோடு நின்றதை. ஒன்றையும் விடவில்லை. ஏசுராஜ் தலையைச் சாய்த்து, ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டார்.

"அழுதானா?"

சுந்தரமூர்த்தி அழவில்லை. அவர் கண் கலங்கக்கூட இல்லை, அப்படிப்பட்ட கண் அது.

"அழுதாரு" என்றாள் எப்சி. "கண்ணு ரெண்டும் செவந்து போய், தொடைக்கத் தொடைக்க நிக்காம ஊத்துச்சு."

ஏசுராஜ் நீளமாக ஒரு மூச்சு விட்டார். அவர்கள் போக வேண்டிய பஸ் வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு, புறப்பட்டுப் போனது. அவர் முழங்கையை விடவில்லை.

"இன்னொரு தடவ சொல்லு" என்றார்.